வளையத்தைப் பிடித்த கை

கெடாவில் கல்லுமலை ரப்பர் தோட்டத்து மருதம்மாள் வாய் திறந்து பேசிக் கேட்டவர்கள் குறைவு. லயத்து வரிசை வீடுகளின் குழாயடியில் பெண்கள் குடத்தை இடித்துக்கொண்டு சண்டை போடும்போது அவள் தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். எல்லாரும் போன பிறகு பிடித்துக்கொண்டு போவாள். ஆனால் யார் வீட்டு அடுப்பு நேற்று எரியவில்லை, எவள் கண் அழுது வீங்கியிருக்கிறது, ஆட்களை வேலை வாங்கும் தண்டல் எந்த வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்தான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வாய் செய்யாத வேலையையும் சேர்த்து அவள் கண்ணே செய்தது.

அவள் புருஷன் குழந்தைவேலு அதற்கு நேர் எதிர். தோட்டத்துப் பட்டறையில் கொல்லு வேலை அவனுக்கு. பால் வாளிக்குப் பிடி போடுவான், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவான், பாலுக்கு மரம் வெட்டுகிறவர்களின் உளியைத் தீட்டிக் கொடுப்பான். வாய் ஓயாது. சிரிப்பும் ஓயாது. அவனைப் பற்றித் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. ஒருமுறை காய்ந்த இரும்பைக் குறட்டால் பிடித்திருக்கும்போது குறடு நழுவி, இரும்பு அவன் கைப்பக்கம் சரிந்துவிட்டது. கீழே போட்டால் பக்கத்தில் சம்மட்டி அடிக்கிறவன் காலில் விழும். குழந்தைவேலு போடவில்லை. இன்னொரு குறடு வரும்வரை வெறுங்கையால் தாங்கி நின்றான். உள்ளங்கையில் அந்தத் தழும்பு நாக்குப் போல நீளமாக இருந்தது. பிடித்ததை விடாதவன் என்று அதிலிருந்து பெயர்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் தோட்டத்துத் துரை ஒரு காலையில் காரில் ஏறிப் பினாங்குப் பக்கம் போய்விட்டார். அவருடைய நாய் பங்களா வாசலில் கட்டியபடியே கிடந்து குரைத்தது. யாரோ போய் அவிழ்த்துவிட்டார்கள். பிரட்டு மணி அடிப்பது நின்றது. காலங்காலமாக அந்த மணிக்கு எழுந்து, வரிசையில் நின்று, பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போன சனங்கள், மணி அடிக்காவிட்டாலும் இருட்டில் எழுந்து வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. பால் வாங்க ஆள் இல்லை. அரிசி இல்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் எல்லாரும் மரவள்ளிக் கிழங்கை ஊன்றினார்கள். பிறகு காலையும் கிழங்கு, மாலையும் கிழங்கு என்றாகிவிட்டது.

தோட்டத்திலிருந்து கரங்கான் ஊருக்குப் போகிற சாலையில் ஒரு மாதா கோயில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, முன்பக்கம் ஒரு சிறிய மணிக்கூண்டு. நல்ல காலத்தில் கணக்கு எழுதுகிற சில வேதக்காரக் கிராணிகள் சேர்ந்து கட்டியது. சண்டை வந்ததும் அவர்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். அங்கேதான் பாதிரியார் தாடிச்சாமி வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிரெஞ்சுக்காரர் என்பதால் ஜப்பான்காரன் அவரைச் சிறையில் போடவில்லை. டவுனில் அவர் இருந்த வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டான். வயதானவர். இடுப்புவரை தாடி. புதுச்சேரியில் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர். ஆகவே அவர் தமிழைக் கேட்டால் லயத்துப் பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வார்கள்.

கோயிலைக் கூட்டவும் அவருக்குக் கிழங்கு அவித்துக் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அவர் போட்டிருந்த கீரைப் பாத்தியில் பாதி அந்த ஆளுக்கு. மருதம்மாள் தயங்கினாள்.

"நாம கும்பிடுறது முனீஸ்வரன. அங்க போயி எப்படி?" என்றாள் புருஷனிடம்.

"கும்பிடுற கோயில் வேற, கூட்டுற கோயில் வேற. குப்பைக்கு என்னடி சாமி?" என்றான் குழந்தைவேலு. "போயிட்டு வா. வந்து அவரு என்ன பேசுனாருன்னு சொல்லு. எனக்கும் பொழுது போகணும்ல?"

போனாள். கூட்டினாள். காலை, மத்தியானம், சாயங்காலம் மணி அடிப்பதும் அவள் வேலையாயிற்று. முதல் வாரம் அவரும் அதிகம் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஒரு நாள் மத்தியான மணியை அடித்துவிட்டுக் கயிற்றைக் கட்டும்போது அவர் கேட்டார்.

"மகளே, இம்மணி எதற்கென்று அறிவாயா?"

தெரியாது என்று அவள் தலையை ஆட்டினாள்.

அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்பு தன் நாட்டில் சனங்களுக்குக் கடிகாரம் கிடையாது, மாதா கோயில் மணிதான் பொழுது என்றார். உழுகிறவன், துவைக்கிறவள், ஆடு மேய்க்கிறவன் எல்லாரும் அந்தச் சத்தத்தில்தான் நாளை நடத்தினார்கள்.

மருதம்மாள் முதல் தடவையாக வாய் திறந்தாள். "எங்க தோட்டத்துலயும் அப்படித்தான் சாமி. மணி அடிச்சா வேலைக்குப் போகணும்."

கிழவர் சொன்னார். "இது வேறு, மகளே. இம்மணி அடித்தால் வேலையை நிறுத்த வேண்டும். நின்று, ஒரு செபம் சொல்லும் நேரம் இளைப்பாற வேண்டும்."

வேலையை நிறுத்தச் சொல்லி ஒரு மணியா! அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. குழந்தைவேலுவிடம் சொன்னபோது அவன் கிழங்கை மென்றபடி நிமிர்ந்து உட்கார்ந்து, தாடியை நீவுவது போல வெறும் மோவாயை நீவினான்.

"அடியே மருதம்மாள்! குழம்பு எங்கே? இயம்புவாயாக!"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் ஏதாவது சொன்னார். கேட்க வேறு ஆள் இல்லை. அவளைப் போலக் கேட்கிற ஆளும் லேசில் கிடைக்காது. துடைப்பத்தை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல், ஒரு சொல்லைக் கீழே சிந்தாமல் கேட்பாள். அவர் பிறந்த ஊரில் ஒரு பெரிய கோயில் இருந்ததாம். கட்டத் தொடங்கியவன் முடிவைப் பார்க்கவில்லை, அவன் பேரனும் பார்க்கவில்லை, அவ்வளவு காலம் கட்டினார்களாம். சன்னல்களில் வண்ணக் கண்ணாடி. படிக்கத் தெரியாத சனங்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தே சாமி கதையெல்லாம் தெரிந்துகொண்டார்களாம். அந்தச் சன்னல்களுக்குக் காணிக்கை கொடுத்தவர்கள் ராசாக்கள் மட்டும் இல்லை. ரொட்டி சுடுகிறவர்கள், தோல் பதனிடுகிறவர்கள், தச்சர்கள் எல்லாரும் கொடுத்தார்கள். அவரவர் சன்னலில், சாமி காலடியில், அவரவர் வேலை செய்கிற படமும் இருந்ததாம்.

"கொல்லுக்காரங்களுக்கும் இருந்துச்சா சாமி?"

"இருந்தது. லாடம் அடிக்கும் கொல்லர்களுக்கென்று தனியே ஒரு புனிதரும் உண்டு. அவரும் கொல்லரே."

இதைக் கேட்டுக் குழந்தைவேலு தொடையைத் தட்டினான். "நம்ம ஆளு ஒருத்தன் அங்க கண்ணாடியில நிக்கிறானா! பாத்தியா? இங்க பட்டறைக்குள்ள துரை மூக்கப் பொத்திக்கிட்டுல்ல வருவாரு."

துறவிகள் காட்டை வெட்டித் திருத்திப் பயிர் வைத்தது, மடத்து வாசலில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியது, தொழுநோய்க்காரனைக் குளிப்பாட்டியது, புண்ணைக் கட்டியது எல்லாம் சொன்னார். வாரத்தில் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரைக்கும் ஒருவன் மேல் ஒருவன் வாள் எடுக்கக் கூடாது என்று கோயில் விதித்திருந்ததாம்.

"கேட்டாங்களா சாமி, பட்டாளத்துக்காரங்க?"

"கேட்டார்கள்" என்றார். சொல்லிவிட்டுத் தாடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வருவது போல வாய் அசைந்தது. சொல்லவில்லை. மருதம்மாள் அதைப் பார்த்தாள். கேட்கத்தான் நினைத்தாள். வெட்கம் தடுத்துவிட்டது.

வளையத்தைப் பற்றிச் சொன்னது ஒரு மழை நாளில். வெளியே போக முடியாமல் இருவரும் கோயில் வாசலில் உட்கார்ந்து காய்ந்த அவரையை உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் பெரிய கோயில் கதவுகளில் சிங்க முகம் ஒன்று இருக்கும், அதன் வாயில் ஓர் இரும்பு வளையம் தொங்கும் என்றார். ஒருவனை விரட்டிக்கொண்டு வருகிறார்கள். ஓடி வந்து அந்த வளையத்தைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது. ராசாவின் பட்டாளமே வந்தாலும் அவனைத் தொடக் கூடாது. கோயில் அவனுக்குச் சோறு போடும், படுக்க இடம் கொடுக்கும்.

"குத்தம் செஞ்சவனையுமா?"

"குற்றம் செய்தவனையும்."

"குத்தம் செய்யாதவன?"

"அவனைச் சொல்லவும் வேண்டுமா, மகளே?"

மருதம்மாளுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. தோட்டத்து எல்லையில் முனீஸ்வரன் கல் இருக்கிறது. விரட்டப்பட்ட கோழி அந்த வேலிக்குள் ஓடிவிட்டால் யாரும் கை வைக்க மாட்டார்கள். குடித்துவிட்டு அடிதடி செய்கிறவன்கூட அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அடிக்க வந்தவன் வெளியே நின்று திட்டிவிட்டுத்தான் போவான். சாமி இருக்கிற இடம் என்றால் எல்லா ஊரிலும் அப்படித்தானே இருக்கும்? அவள் மனதில் அது நேற்றைய கதையாகவோ அடுத்த நாட்டுக் கதையாகவோ பதியவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலப் பதிந்தது.

இங்கே கோயில் கதவில் வளையம் இல்லை. வெறும் கொண்டிதான். அதை அவள் சொன்னதும் குழந்தைவேலு வண்டிச் சக்கரத்துக் குடத்திலிருந்து கழற்றிய பழைய இரும்புப் பூணை எடுத்துக் காய்ச்சித் தட்டினான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கொண்டுபோய்க் கதவில் அடித்தான். சிங்க முகமும் செய்திருந்தான். ஆனால் அவன் சிங்கத்தைப் பார்த்ததில்லை. அதற்கு முனீஸ்வரன் மீசை வந்துவிட்டது. தாடிச்சாமி அதைப் பார்த்து, தாடி குலுங்க, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"இச்சிங்கம் எந்தக் காட்டுச் சிங்கமப்பா?"

"கெடா சிங்கம் சாமி. கிழங்கு தின்னு வளந்தது."

அடுத்த வருஷம் சயாம் ரயில் பேச்சு வந்தது. முதலில் நல்ல பேச்சாகத்தான் வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், கொஞ்ச காலம்தான் வேலை, சோறு உண்டு, துணி உண்டு என்று தண்டல் லயம் லயமாகச் சொன்னான். பசித்தவர்கள் போனார்கள். பக்கத்து வீட்டு இருளப்பன் அப்படித்தான் போனான். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிறகு, அங்கே சாகிறார்கள், காட்டுக் காய்ச்சலிலும் பேதியிலும் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்ற செய்தி வந்தது. எல்லாரும் போக மறுத்தார்கள். அப்போது லாரி வர ஆரம்பித்தது. பாசார்ச் சந்தையில் நின்றவனை, கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவனை, அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். படம் காட்டுகிறோம் என்று ஒரு தோட்டத்துக் கொட்டகைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி மொத்தமாக ஏற்றியதாகவும் சொன்னார்கள்.

வீரசாமி என்று ஒருவன். குழந்தைவேலுவுக்குச் சம்மட்டி அடித்தவன், கூட்டாளி. ஒரு மாலையில் அவன் வந்து வாசலில் குந்தினான்.

"பாலிங் பக்கம் காட்டுக்குள்ள போயிடுவோம்டா. நாலஞ்சு பேரு கெளம்புறோம். கிழங்கு நட்டுக்கிட்டு, குடிசையப் போட்டுக்கிட்டுக் கெடப்போம். சப்பான்காரன் அங்க ஏறி வரமாட்டான்."

குழந்தைவேலு உடனே சரி என்றான். கத்தியை எடுத்துத் தீட்டவும் தொடங்கினான். அப்போதுதான் உள்ளே அடுப்படியில் இருந்த மருதம்மாள் எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போக வேணாம்" என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாசம் ஒருதரம் உங்களுக்குக் குளிர் காய்ச்சல் வருது. காட்டுல வந்தா யாரு பாக்குறது? புலி கெடக்கு, பாம்பு கெடக்கு. நீங்க மாதா கோயிலுக்குப் போயிருங்க. அங்க வளையம் இருக்கு. அதப் புடிச்சவங்கள யாரும் தொடக் கூடாது. சாமி சொல்லியிருக்காரு."

வீரசாமி வாய்விட்டுச் சிரித்தான். "என்னா மருதம்மா, கெழட்டுப் பாதிரி தாடிக்குள்ள புருஷன ஒளிச்சு வைக்கப் போறியா? சும்மா இரு லா! சப்பான்காரன் மாதாவையே லாரியில ஏத்துவான்."

"வெள்ளக்காரன் ராசாவே கேட்டிருக்கான். இவன் கேக்க மாட்டானா?"

குழந்தைவேலு சிரிக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் இப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு ஒன்றை வேண்டும் என்று கேட்டதில்லை. சேலை கேட்டதில்லை, வளையல் கேட்டதில்லை. பிள்ளை இல்லாத குறையைக்கூட அவனிடம் கொண்டுவந்து வைத்ததில்லை.

"நீ போ வீரா" என்றான் கடைசியில். "நான் செஞ்ச வளையம்தானே. அதுல தொங்கித்தான் பாப்பமே."

"கிறுக்குப் பயலே!" என்று வீரசாமி எழுந்து வேட்டியைத் தட்டினான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து, குழந்தைவேலுவின் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனான்.

மறுநாள் மருதம்மாள் சாமியிடம் கேட்பதற்குப் போனாள். அந்தச் சட்டம் இப்போதும் நடப்பில் இருக்கிறதா, ஜப்பான்காரனும் அதற்குக் கட்டுப்பட்டவனா என்று கேட்க வேண்டும் என்றுதான் போனாள். வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போனாள். அவர் காய்ச்சலில் கட்டிலில் கிடந்தார். அவ்வளவு பெரிய மனிதரைப் போய், நீங்கள் சொன்னது நிசம்தானா என்று எப்படிக் கேட்பது? அடுக்கியதெல்லாம் கலைந்துபோயிற்று.

"சாமி, எங்க வீட்டுக்காரரு கொஞ்ச நாளைக்கு இங்க வந்து இருந்துக்கலாமா?"

"எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும், மகளே. இது தேவனுடைய வீடு."

அவர் படுக்க இடத்தைச் சொன்னார். அவள் அதைச் சட்டத்துக்கான பதிலாக எடுத்துக்கொண்டு போனாள்.

குழந்தைவேலு கோயிலில் நன்றாகத்தான் இருந்தான். மணிக்கூண்டு ஏணியைச் சரிசெய்தான். சாமிக்குத் தலை முழுகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தான். அவரைப் போலவே பேசி அவரையே சிரிக்க வைத்தான். சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் பீடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். லாரி போய்விடும். நாட்கள் இப்படிப் போகப் போக மருதம்மாளுக்கு நெஞ்சுக்குள் ஒரு தைரியம் வந்தது. காட்டுக்குப் போனவர்களை நினைத்து அவள் பரிதாபப்படக்கூடத் தொடங்கினாள்.

அன்று கிழங்கு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அவள் லயத்துக்குப் போயிருந்தாள். போன வேகத்தில் திரும்பிவிட்டாள், மத்தியான மணிக்கு நேரமாகிவிட்டது என்று. சாலை வழியாக வராமல் பின்பக்கம் ரப்பர் மரங்களுக்குள் புகுந்து வந்து, பின்வாசல் வழியாக நுழைந்து, மணிக்கூண்டுக்கு அடியில் கயிற்றைக் கையில் எடுத்தாள். அவள் வந்தது யாருக்கும் தெரியாது.

அந்த நேரம் லாரி வந்து நின்றது. இந்தத் தடவை போகவில்லை.

குழந்தைவேலு கோயிலுக்கு வெளியே கீரைப் பாத்தியில் இருந்தான். அவனுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள், அதற்கும் பின்னால் புதர்க்காடு. அவன் ஓட்டத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தால் பிடித்திருக்க முடியாது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவும் செய்தான். பிறகு திரும்பி, லாரி நின்ற பக்கமாகவே, கதவை நோக்கி ஓடி வந்தான். பலகை இடுக்கு வழியாக மருதம்மாள் பார்த்தாள். அவன் வந்து வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கூட வந்த தண்டல் சிரித்தான். "என்னடா, கதவக் கழட்டிக்கிட்டு ஓடப் போறியா?"

தாடிச்சாமி பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து இரண்டு கைகளையும் விரித்து நடுவில் நின்றார். முதலில் தமிழில் சொன்னார். பிறகு இங்கிலீஷில். அதன் பிறகு தன்னுடைய பாஷையில் கத்தினார். சிப்பாய் அவர் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி தெறித்து விழுந்தது. அவர் படியில் சரிந்தார்.

இரண்டு பேர் குழந்தைவேலுவின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அவன் விடவில்லை. கதவு அதிர்ந்தது. ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவன் விரல்களில் அடித்தான். விடவில்லை. மறுபடியும் அடித்தான். எலும்பு நொறுங்குகிற சத்தம் பலகைக்கு உள்ளே கேட்டது. அப்போதும் அவனாக விடவில்லை. விரல்கள்தாம் தாமாக ஒவ்வொன்றாக விரிந்தன.

இழுத்துக்கொண்டு போகும்போது அவன் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தான், அவள் கிழங்குக் கூடையோடு வருகிற வழியை. வழி வெறிச்சென்று கிடந்தது. அவன் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது. அதை அவள் பார்த்தாள். அவள் பார்க்கவில்லை என்று நினைத்து ஆறுதல்பட்ட முகம் அது.

மருதம்மாளின் கையில் மணிக்கயிறு இருந்தது. அவள் அதை இழுக்கவில்லை. வாய் திறந்து கத்தவும் இல்லை. எப்போதும் பேசாத வாய், அன்றும் பேசவில்லை. லாரிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் கால் அசைந்தது.

வெளியே வந்து சாமியின் கண்ணாடியைப் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் உடைந்திருந்தது.

"சாமி, அவங்களுக்கு அந்தச் சட்டம் தெரியாதா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"மகளே... அது பழைய காலத்துச் சட்டம். என் தேசத்திலேயே இப்போது அது இல்லை. அரசர்கள் எப்போதோ அதை எடுத்துவிட்டார்கள்."

அவள் படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"இருந்த காலத்துலயாவது எல்லாரும் கேட்டாங்களா?"

"பலர் கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை. வளையத்தைப் பிடித்தவனையே இழுத்துக்கொண்டு போனதுண்டு. பீடத்தின் முன்னாலேயே வெட்டியதும் உண்டு. வெட்டியவனும் மறுநாள் அதே கோயிலுக்குத்தான் வந்து முழங்காலிட்டான்."

"அத ஏஞ்சாமி சொல்லாம விட்டீங்க?"

கன்னத்தில் அறை விழுந்தபோதுகூட அவர் அப்படித் தலை குனியவில்லை. "இவ்வளவு தூரத்தில் இருந்து என் ஊரை நினைக்கும்போது, நல்லதை மட்டுமே நினைத்துக்கொண்டேன், மகளே" என்றார்.

மருதம்மாள் அவரைத் திட்டவில்லை. மறுநாளும் வந்து கூட்டினாள். மணியும் அடித்தாள். ஆனால் அவர் அதன் பிறகு கதை எதுவும் சொல்லவில்லை, அவளும் எதையும் கேட்கவில்லை. கோயிலுக்குள் துடைப்பச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொன்றையும் அவள் வழக்கமாக்கிக்கொண்டாள். கதவைத் திறக்கும்போது வளையத்தைத் தொடமாட்டாள். பக்கத்துப் பலகையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளித்தான் திறப்பாள்.

அடுத்த மழைக்காலத்தில் தாடிச்சாமி காய்ச்சலில் இறந்தார். மருந்து இல்லை. கடைசி நாட்களில் மடத்துத் துறவிகள் நோயாளிக்குச் செய்ததாக அவர் சொன்னதையெல்லாம் அவள் அவருக்குச் செய்தாள். கஞ்சி ஊட்டினாள், துடைத்துவிட்டாள், படுக்கையை மாற்றினாள். லயத்துச் சனங்கள் கோயிலுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டினார்கள். வேதத்து முறையில் என்ன சொல்லிப் புதைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மருதம்மாள் போய் மணியை மட்டும் அடித்தாள்.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பிரட்டு மணி மறுபடி அடித்தது. காட்டுக்குப் போன வீரசாமி எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு, வந்து சேர்ந்தான். அவளைப் பார்க்க வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"நான் அன்னிக்கு அவன இன்னும் கொஞ்சம் கட்டாயப்படுத்திக் கூப்புட்டிருக்கணும் மருதம்மா."

"நீங்க கூப்புட்டீங்கண்ணே. போக விடாதது நான்."

வீரசாமி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு குழாயடியில் அவள் நின்றால் அவன் வேறு வழியாகப் போவான்.

சயாமிலிருந்து சிலர் வந்தார்கள். லாரி வந்து நிற்கும்போதெல்லாம் பெண்கள் ஓடுவார்கள். அவள் ஓடவில்லை, தூரத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். ஒரு நாள் இருளப்பன் இறங்கினான். அவனை அவன் தாயே முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கால் முழுக்கப் புண். கொஞ்சம் நடக்க முடிந்ததும் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு மருதம்மாள் வீட்டுக்கு வந்தான். அவள் பாயை விரித்தாள். அவன் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கம்பைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் ஒரே முகாமுலதான் மதினி இருந்தாரு, என்கூட. வலது கை அவருக்கு மடங்கவே இல்ல. சம்மட்டி புடிக்க முடியாதுன்னு மண்ணு சுமக்க விட்டானுங்க. அப்பவும் சப்பான்காரன் மாதிரி நடந்து காட்டிச் சிரிக்க வச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. அப்புறம் பேதி வந்துருச்சு. ரொம்ப சூசாப்படல மதினி, கஷ்டம் தெரியல. ரெண்டு நாள்தான்."

இருளப்பன் கம்பைப் பாயோரம் வைத்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லிச் சொன்னாரு. வளையத்த விட்டது நான்தான்னு சொல்லு. பயத்துல கைய எடுத்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டு நின்னுருந்தா அவனுங்க போயிருப்பானுங்க. அவ சொன்னது சரிதான், வளையமும் சரிதான், தப்பு என் கையிலதான்னு அவகிட்ட சொல்லிரு இருளான்னாரு."

வெளியே யாரோ கிழங்கு இடிக்கிற சத்தம் கேட்டது.

"கை எப்படி ஒடஞ்சுதுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"லாரிக் கதவுல நசுங்கிருச்சுன்னாரு."

பலகைச் சுவருக்குப் பின்னால் தான் நின்றதை மருதம்மாள் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சாமியிடம்கூடச் சொல்லவில்லை. இருளப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தியத்தை நிறைவேற்றியாயிற்றா என்று தெரியாதவன் போல அவன் கண்கள் தவித்தன.

"ஆமாப்பா" என்றாள் அவள் மெதுவாக. "அவரு கை எப்பவும் அப்படித்தான். கொஞ்சம் சூடு பட்டாலும் சட்டுன்னு விட்டுருவாரு."

எழுந்துபோய் அவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் இருந்தாள். பிறகு, மத்தியான மணிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினாள்.

கோயில் வாசலில் வெயில் காய்ந்தது. மீசை வைத்த சிங்கத்தின் ஒரு கன்னம் துப்பாக்கிக் கட்டை பட்டு நசுங்கியிருந்தது. மருதம்மாள் பலகையில் கை வைக்கவில்லை. வளையத்தைப் பிடித்தாள். அது சுட்டது. விடாமல் பிடித்து இழுத்துத் திறந்துகொண்டு உள்ளே போய், மணியை அடித்தாள்.